ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?

யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜி.பி.எஸ். துணையுடன் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பதுதான் ஜியோகேச்சிங். ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி நிறுத்த, மறுநாளே ஓரிகான் மாநிலத்தில் ஒருவர் முதல் டப்பாவாக ஒரு வாளியை ஒளித்துவைத்தார். அந்த அரசு நிறுத்திய பிழையைச் சென்ற ஞாயிறன்று கடலோர நடைபாதையில் என் சொந்தப் பொறுப்பில் மீண்டும் தொடங்கிவைத்தேன்.

டப்பா இருந்த இடத்தின் அட்சரேகையில் கடைசி இரண்டு இலக்கங்களைக் கண்டறிய வேண்டும்: முதலாவது ஆக்டோபஸின் இதயங்கள், இரண்டாவது சிப்பியின் ஓடுகள். நான் யோசிக்காமல் 12 என்று பதிந்தேன். "அப்பா, ஆக்டோபஸுக்கு..." என்று தொடங்கிய மகளை, நடக்கும்போது பேசினால் மூச்சு வாங்கும் என்று அடக்கினேன்.

கருவி எங்களைப் பாசி வழுக்கும் பாறைகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தியது. ஓர் இடுக்கில் சந்தேகத்துக்குரிய அழகுடன் ஒரு சங்கு கிடந்தது. மாறுவேடமிட்ட டப்பா இதுவே என்று நான் வெற்றிக் களிப்புடன் எடுத்துப் புரட்ட, உள்ளிருந்து காம்பு வைத்த இரண்டு கண்களும், அவற்றின் பின்னால் ஒரு கொடுக்கும் மெல்ல எட்டிப் பார்த்தன. குடியிருந்த துறவி நண்டிடம் மன்னிப்புக் கேட்டு, சங்கை அதே இடத்தில் வைத்தேன்.

"என்ன தம்பி, எதைத் தொலைச்சீங்க?" என்றார் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர். வெளியாட்களிடம் டப்பாவைப் பற்றி வாய்திறப்பது இவ்விளையாட்டில் மரபன்று என்பதால் "மோதிரம் ஐயா" என்றேன். அவரோ தூண்டிலை வைத்துவிட்டு, இன்னும் இருவரைக் கூப்பிட்டுக்கொண்டு தேட இறங்கிவிட்டார். அரை மணி நேரம் ஐவரும் குனிந்தே இருந்தோம்.

"ஆக்டோபஸுக்கு மூணு இதயம்ப்பா," என்றாள் மகள். "ரெண்டு செவுளுக்கு, ஒண்ணு உடம்புக்கு."

அப்படியானால் 32. அட்சரேகையில் ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்குக்கு நிமிடம் என்று பெயர்; அந்த நிமிடத்தின் மூன்றாம் தசம இடத்தில் ஒன்று மாறினாலே ஏறத்தாழ 1.85 மீட்டர் விலகும். நான் இருபது மாற்றியிருந்தேன். 37 மீட்டர் தள்ளி, சற்றுமுன் நாங்கள் அமர்ந்து தண்ணீர் குடித்த பெஞ்சுக்கு அடியில்தான் டப்பா இருந்திருக்க வேண்டும்.

எப்படி நழுவுவது என்று நெற்றியைத் துடைத்தபோது, பெரியவர் என் கையையே பார்த்தார். "விரல்லயே இருக்குதே தம்பி!"

பெஞ்சுக்கு அடியில் டப்பா கிடைத்தது. தாளில் மகள் தன் பெயரை எழுதி, அதன் கீழே "மோதிரமும் கிடைத்தது" என்று சேர்த்தாள்.