பள்ளத்தூர்ல ஆரம்பிச்சு வரத்துக்கால்ல முடிஞ்ச எங்க கோடை நடை

பங்குனி கடைசில ஆரம்பிச்சது இது. காரைக்குடில காலேஜ் ரோட்டையே சுத்திச் சுத்தி வாக்கிங் போயி போரடிச்ச நாலஞ்சு பேரு, ஞாயித்துக்கெழமையாச்சும் ஊருக்கு வெளில போவோம்னு ஒரு வாட்சப் குரூப் போட்டோம். மொத வாரம் 14 பேரு வந்தாங்க, அடுத்த வாரம் 9, அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சப்ப 5. "கோடைலயா இதை ஆரம்பிப்பாங்க"ன்னு வீட்ல கேட்டாங்க. நியாயமான கேள்விதான், பதில் இல்ல.

மொத நடை பள்ளத்தூர்லேர்ந்து கானாடுகாத்தான். சும்மா பழைய செட்டிநாட்டு வீடு பாக்குற நடைதான். ஒரு தெருவுல முன்வாசல், அடுத்த தெருவுல பின்வாசல்னு அவ்வளவு நீளம் ஒவ்வொரு வீடும், நடுவுல ஒரு சந்துல நடந்தா பக்கவாட்டுச் செவுரு முடியவே முடியாது. ஒரு வீட்ல வாட்ச்மேன் அண்ணன் உள்ள விட்டாரு. வளவுல, அதாவது வீட்டு நடுவுல இருக்குற தெறந்த முத்தத்துப் பகுதில, நின்னு அண்ணாந்து பாத்தா நாலு பக்க ஓடும் முத்தத்தைப் பாத்து சரிஞ்சிருக்கு, மழை பேஞ்சா தண்ணி பூரா அங்க விழுந்து, அண்டா கிடாரம் நெறஞ்சது போக மிச்சம் தெருக் கால்வாய்க்குப் போயி அங்கேர்ந்து ஊருணிக்கு, அதான் ஊர்க் குளத்துக்குப் போகும்னாரு. சரி சரின்னு கேட்டுட்டு போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன். அப்ப அது மண்டைல ஏறல.

6 மணிக்குக் கெளம்புனதுதான் தப்பு. எட்டரைக்கெல்லாம் தார் ரோடு சுட ஆரம்பிச்சிருச்சு. அடுத்த வாரத்துலேர்ந்து 5 மணி, சித்திரை பொறந்ததும் 4.45. நம்ம ஊர்ல சித்திரை பொறந்த ஒட்டுல சூரியன் நட்ட நடு உச்சிக்கு வந்துரும், மத்தியானம் நிமுந்து நின்னா நம்ம நெழல் நம்ம காலுக்கடியிலயே கெடக்கும், அதுக்குள்ள வீடு வந்து சேந்துரணும்ங்குறது மட்டும்தான் எங்க ரூல்.

குன்றக்குடிலேர்ந்து பிள்ளையார்பட்டி நடந்தது பத்தி எழுத பெருசா ஒண்ணுமில்ல. ரெண்டு மூணு கிலோமீட்டர்தான், மலை ஏறி எறங்கி, அந்தப் பக்கம் போயி கும்பிட்டு, டிபன் சாப்ட்டுட்டு பஸ்ல வந்தாச்சு. நடந்ததைவிட சாப்ட்டது ஜாஸ்தி.

நாலாவது வாரம்தான் பட்டோம். மேப்புல ஒரு மண் ரோடு தெரிஞ்சுது, ஷார்ட் கட்டுன்னு நான்தான் சொன்னேன் (எல்லாரும் இன்னிவரைக்கும் சொல்லிக் காட்டுறாங்க), அது நேரா தைலமரக் காட்டுக்குள்ள போயிருச்சு. பாக்க காடு மாதிரி இருக்கும், உள்ள போனா நெழலே கெடயாது, இலையெல்லாம் கீழ தொங்குறதால வெயிலு அப்புடியே எறங்குது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி 8 மணிக்கே காலி. அதைத் தாண்டி ஒரு காஞ்ச கண்மாய் (ஏரிதான்), தண்ணி நிக்கிற உள்வாய் முழுக்க சீமைக்கருவேலம். என் 2800 ரூவா ஷூவோட அடிப்பாகத்தைப் பொத்துக்கிட்டு ஒரு முள்ளு உள்ளங்கால்ல ஏறிருச்சு. ஷூவைக் கழட்டவும் முடியல, முள்ளு ரெண்டையும் சேத்துத் தச்ச மாதிரி இருக்கு.

எங்களோட வர்ற ஆச்சிக்கு 60 வயசுக்கு மேல. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோட பழனிக்கு நடந்தவுங்க, எங்களோட வரும்போதும் செருப்பு கெடயாது. அவுங்கதான் ஷூவைத் திருகாம நேரா இழுத்து எடுத்தாங்க, ஒடஞ்ச முனையை ஊக்கால நெம்புனாங்க, எருக்கம்பால் ரெண்டு சொட்டு விட்டாங்க. எடுத்துட்டு ஒரு சொல்லு. "தம்பி, முள்ளு கெடக்குற எடம் காலுக்குத் தெரியும், இந்தப் பஞ்சு மெத்தைக்கு எப்புடித் தெரியும்?" பத்து நாள் நொண்டுனேன், டிடி ஊசியும் போட்டுக்கிட்டேன், எருக்கம்பாலை மட்டும் நம்புற தைரியம் எனக்கில்ல.

அதுக்கப்பறம் வழி சொல்ற பொறுப்பை எங்கிட்டேர்ந்து புடுங்கி, விவசாயம் பாக்குற அண்ணன் ஒருத்தர்கிட்ட குடுத்தாங்க. அவரு மேப்பே பாக்கல. "ரோட்டை விடுங்க தம்பி, கோடைல தண்ணி வர்ற வழில போவோம்"னாரு. தண்ணியே இல்லையேண்ணேன்னேன். "அதனாலதானப்பா போலாம்."

விஷயம் இதுதான். ஒரு கண்மாய் நெறஞ்சா மிச்சத் தண்ணி கலுங்குங்குற வழிஞ்சோடுற எடம் வழியா வெளியேறி, வரத்துக்கால்ங்குற வாய்க்கால்ல ஓடி அடுத்த கண்மாய்க்குப் போகும், ஊருணிக்கும் அதே மாதிரி ஒரு வரத்து இருக்கும். ஐப்பசி கார்த்திகைல தண்ணி ஓடுற அந்த வாய்க்கா வைகாசில காஞ்சு கெடக்குது, அடில செம்மண்ணும் மணலும் படிஞ்சு காலுக்கு மெத்துன்னு இருக்கு, ரெண்டு கரையும் இடுப்பு ஒயரத்துக்கு நிக்கிறதால காலை வெயிலு ஏழரை மணிவரைக்கும் உள்ள எறங்கல. கண்மாய்க் கரை வந்தா மேல ஏறிக்கலாம், அங்க பனை இருக்கும், காத்து இருக்கும். கரை முடியுற எடத்துல கண்டிப்பா ஒரு அய்யனார் கோயில், மண்குதிரைக வரிசையா, சுத்தி ஒருத்தரும் வெட்டாத மரங்க. அங்க ஒக்காந்து நுங்கு சாப்புட்டோம். பக்கத்து ஊருக்குள்ள போனா ஊருணி, செம்புறாங்கல் படி, கடைசி ஏழெட்டுப் படிக்குக் கீழ பச்சையா கொஞ்சம் தண்ணி. அங்க நிக்கிறப்பதான் அந்த வளவு வாட்ச்மேன் அண்ணன் சொன்னது ஞாபகத்துக்கு வந்துச்சு. ஓட்டுலேர்ந்து விழுந்த தண்ணி போற வழியோட மிச்சத்துலதான் ரெண்டு வாரமா நடந்துக்கிட்டு இருந்திருக்கேன்.

நடுவுல ஒரு வாரம் வேட்டங்குடிக்குப் போனோம், அது என் ஐடியா, அதுவும் சொதப்பல். 1977லேர்ந்து சரணாலயம், பறவைகளுக்காக கொள்ளுகுடிப்பட்டிக்காரங்க தீவாளிக்கு வெடி போடுறதில்லன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா மே மாசத்துல பறவையே இருக்காதுங்குறதை நான் யோசிக்கல. காஞ்ச கண்மாயி, ஒரு ஆள்காட்டிக் குருவி மட்டும் எங்களைப் பாத்து கத்திக்கிட்டே இருந்துச்சு. மார்கழில வரணும்.

கணக்கு: மொத நடை 4 கிலோமீட்டர்ல மூச்சு வாங்குச்சு, எட்டாவது நடை போன்ல 11.3 காட்டுச்சு. எடை ஒண்ணும் கொறயல, காரணம் திரும்பி வந்ததும் சாப்புடுற வெள்ளப் பணியாரம். ஷூவை மாத்திட்டு தடிச்ச ரப்பர் செருப்புக்கு வந்துட்டேன். வெறுங்கால்ல 200 மீட்டர் முயற்சி பண்ணேன், ஆச்சி சிரிச்சாங்க, போட்டுக்கிட்டேன்.

போன சனிக்கெழமை ராத்திரி நல்ல மழை. ஞாயிறு 4.45க்கு டார்ச் அடிச்சுப் பாத்தா வரத்துக்கால்ல கணுக்கால் அளவு தண்ணி, செக்கச் செவேல்னு, வேகமா ஓடுது. எங்க வழி போச்சு. அண்ணனுக்கு மட்டும் வாயெல்லாம் பல்லு, கரையிலயே குத்த வச்சு ஒக்காந்துட்டாரு, அன்னிக்கு யாரும் நடக்கவே இல்ல.