கோல்டு கார்டும் அம்மாவின் ஜன்னல் சீட்டும்

நேற்று சுங்கை சிப்புட் டீக்கடையில் மாமா ஒருவர் கேட்டார், "ஏம்பா, கிரெடிட் கார்டுல இவ்வளவு பாயிண்ட் சேர்த்துட்டேன், உன்ன மாதிரி எனக்கும் ஏர்லைன்ஸ்ல கோல்டு கார்டு தருவாங்களா?" தரமாட்டார்கள் மாமா. கார்டு தேய்த்து வரும் பாயிண்ட் டிக்கெட் வாங்கத்தான் உதவும், அந்தஸ்து ஏற வேண்டுமென்றால் பெரும்பாலும் பறந்தே ஆகவேண்டும்.

மலேசியா ஏர்லைன்ஸ் 2013-இல் ஒன்வேர்ல்டு என்ற விமான நிறுவனக் கூட்டணியில் சேர்ந்ததால், அடிக்கடி பறப்பவர்களுக்கான அதன் என்ரிச் திட்டத்தின் கோல்டு கார்டுக்குக் கூட்டணியில் சஃபையர் என்ற நிலையின் மதிப்பு. அதாவது சாதா டிக்கெட்டிலேயே விமான நிலையத்தின் பிசினஸ் கிளாஸ் ஓய்வறையான லவுஞ்சுக்குள் போகலாம், கூடப் பயணம் செய்கிற ஒருவரையும் அழைத்துப் போகலாம். ஒரே ஒருவர்! அப்பா, அம்மா இருவரோடும் போனால் யாரை வாசலில் நிறுத்துவது? மூன்று பேரும் வெளியிலேயே நாசி லெமாக் சாப்பிட்டோம்.

சீட்டு கதை வேறு. கால் நீட்ட வசதியாக இருக்குமே என்று அம்மாவுக்கு எமர்ஜென்சி கதவு வரிசையைப் பார்த்தேன், அப்புறம்தான் உறைத்தது, அவசரமென்றால் கதவைத் திறக்க முடிந்தவர்கள்தான் அங்கே உட்காரலாம். முட்டிவலிக்காரருக்கு எந்த கார்டைக் காட்டினாலும் கிடைக்காது. சரி, பின் வரிசையில் ஜன்னல் ஓரம் எடுத்தேன். கீழே தெரிவது ரப்பரா செம்பனையா என்று அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தார்.