நூற்பாலை வேலையை விட்ட பின் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கேட்டு வாங்கிய விவரம்

காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து விடியுமுன் பெண்களை வேனில் ஏற்றிச் செல்லும் நூற்பாலை ஒன்றில், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரத்தில் எட்டு ஆண்டுகள் சைடு பார்த்தேன், அதாவது அதன் பக்கங்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. பஞ்சுத் தூசியால் மூச்சிரைப்பு மிகுந்து வேலையிலிருந்து நின்றபோது, "நீ கான்ட்ராக்ட் ஆளும்மா, உனக்கெல்லாம் சர்வீஸ் பணம் கிடையாது" என்றார் மேலாளர். ஒப்பந்தக்காரர் பெயரை அவ்வப்போது மாற்றி, பணிக்கொடைக்குத் தேவைப்பட்ட ஐந்து ஆண்டுத் தொடர்பணி எவருக்கும் சேராததுபோல் காட்டுவது அங்கே வழக்கம்.

அப்போது நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி முதலில் ஆலைக்கே எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட மாட்டார்கள் என்பதால், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 30 நாள் கடந்தும் பதில் இல்லாததால் தொழிலாளர் துறைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுக் கொடுத்தேன்.

வேலை உத்தரவோ சம்பளச் சீட்டோ என்னிடம் இல்லை. கைகொடுத்தது பி.எஃப். பாஸ்புக்தான். கணினி மையத்தில் யு.ஏ.என். என்னும் என் பி.எஃப். அடையாள எண்ணைக் கொடுத்து எடுத்த அந்த நகலில் மாதந்தோறும் பிடித்த தொகை வரிசையாக இருந்தது. ஒப்பந்தக்காரர்கள் மாறியபோதும், மேலே அச்சாகியிருந்த நிறுவன எண் கடைசிவரை ஆலையினுடையதாகவே இருந்தது. ஒப்பந்தக்காரருக்கென்று தனிக் கணக்குத் தொடங்கச் சோம்பியவர்கள், தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே மாதாமாதம் பணம் கட்டி வளர்த்திருக்கிறார்கள்!

கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்க வேண்டும். எனக்கு 7,800 ரூபாய் என்று காட்டியிருந்ததால் 36,000 ரூபாய் வந்தது. மாதம் கைக்கு வந்த கூலி அந்த 7,800-ஐவிட அதிகம். மீதியை வேறு படிகளாகப் பிரித்து எழுதியதே இந்தத் தொகையைக் குறைக்கத்தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, இத்தகைய படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியக் கணக்கில் சேரும் என்பதால், இனி நிற்பவர்களிடம் இந்த வேலை அவ்வளவு சுலபமாக நடக்காது.

தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டியும் சேர்த்துத் தர உத்தரவாகி, பணம் வங்கிக் கணக்கில் ஏறியது. ஓவர்டைமுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதற்கு இரட்டைக் கூலி தரச் சொன்னாலும், எங்கள் கூடுதல் நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இன்னும் அங்கே இருப்பவர்களிடம், ஷிஃப்டுக்குள் நுழைந்த நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் தேதி போட்டு ஒரு நோட்டில் அன்றன்றே எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.