பைபோலார் உதவி எண்ணில் தன்னார்வலராகச் சேர்ந்த அனுபவம்

தம்பிக்கு பைபோலார், அதாவது அதீத எழுச்சியும் ஆழ்ந்த மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய், என்று தெரிந்த பிறகு, மனம்விட்டுப் பேச எனக்குக் கிடைத்த ஒரே இடம் ஒரு தொண்டு நிறுவனம் குடும்பத்தினருக்காக நடத்திய ஆதரவுக் குழு. அவன் உடல்நிலை சீராகி வேலைக்குத் திரும்பியதும், அதே நிறுவனத்தின் தொலைபேசி உதவிக்கு என்னால் முடிந்ததைச் செய்யலாம் என்று விண்ணப்பித்தேன்.

படிவம், நற்சான்று, பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் வழக்கமானவைதான். நேர்காணலில் மட்டும் கொஞ்சம் தோண்டினார்கள். வீட்டில் இப்போது நிலைமை எப்படி, தம்பி மறுபடி நோயில் விழுந்தால் இந்தப் பொறுப்பை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தம்பியிடம் பேசிவிட்டு வரவும் சொன்னார்கள். “உன் கதையைச் சொல்லுக்கா, என் கதையை நான் சொல்லிக்கிறேன்” என்றான். இன்றுவரை அந்த எல்லையை மீறியதில்லை.

அப்புறம் பயிற்சி. பைபோலாரின் எழுச்சிக் கட்டமான மேனியா என்றால் வெறும் உற்சாகம் இல்லை. தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாது, பேச்சு ஓடும், பணம் கரையும். இது பெரும்பாலும் ஒரு வாரமாவது நீடிக்கும். மனச்சோர்வு வரும்போது மட்டும் மருத்துவரிடம் போகிறவர்களுக்கு பைபோலார் என்று கண்டுபிடிக்கவே தாமதமாகிறது. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாக எடுத்தால் சிலருக்கு மேனியா கிளம்பிவிடும் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

பைபோலாருக்குத் தரும் லித்தியம் என்ற மருந்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். மேனியாவுக்கு அது பலன் தருகிறது என்று ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் 1949இல் எழுதினார். இன்றும் முக்கியமான மருந்து. ஆனால் இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் உடம்பில் நீர் வற்றினாலும், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை போட்டாலும் அளவு ஏறலாம். இவ்வளவு சொல்லிக் கொடுத்துவிட்டு, மாத்திரையைக் கூட்டு, குறை என்று ஒருபோதும் சொல்லாதீர்கள் என்றார்கள். மருத்துவரைக் கூப்பிட வைப்பதுதான் நம் வேலை.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது, “தற்கொலை எண்ணம் வருகிறதா?” என்று நேரடியாகக் கேட்கும் பயிற்சி. கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற பயம் பலருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. அப்படி முளைப்பதில்லை. பயிற்றுநரே அழைப்பவராக நடிக்க, திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகினோம். சுற்றி வளைத்து “தப்பான யோசனை எதுவும் இல்லையே?” என்று கேட்டால் எதிரில் இருப்பவர் “இல்லை” என்றுதான் சொல்வார். நேராகக் கேட்டால் நிஜமான பதில் வரும். இப்போது அழைப்புகளில் தயங்காமல் கேட்கிறேன்.

ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் மேற்பார்வையாளர் ஒருவர் எங்களுடன் உட்கார்ந்து பேசுவார். கனமான அழைப்பை வீட்டுக்குச் சுமந்து போகாமல் இருப்பது அவரால்தான். அவர் சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆலோசகர். மார்ச் 30, ஓவியர் வான்கோ பிறந்த நாள், உலக பைபோலார் தினம். அன்று நன்கொடை கூடுதலாக வருகிறது, மற்ற மாதங்களிலும் அவருக்குச் சம்பளம் தர வேண்டுமே! அதனால் சிறிய தொகை ஒன்று மாதாமாதம் என் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வைத்திருக்கிறேன்.

சேர நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது: அழைப்புக்குப் பிறகு எங்களுடன் யார் பேசுவார்கள்? பதில் தெளிவாக இல்லையென்றால் அங்கே தொலைபேசிப் பக்கம் போக வேண்டாம். கணக்கெழுத, கூட்டம் ஏற்பாடு செய்ய எப்போதும் ஆள் தேவைப்படுகிறது.