ஏழாம் நம்பர் பிள்ளையும் ஒரு வேன் நிறைய நாங்களும்

காலைல கடையத் திறந்து மெஷின் முன்னால உக்காந்தா கை வேலைக்கே வர மாட்டேங்கு, மனசு பூரா இன்னும் அந்த பேஸ்கட்பால் கோர்ட்டுலயே கிடக்கு. சரி முதல்ல இத எழுதிருவோம், பிளவுஸ் பெறவு தைப்போம்னு போன எடுத்துட்டேன். நான் படிச்ச பாளையங்கோட்டை காலேஜோட பொம்பளப் பிள்ளைய பேஸ்கட்பால் டீம் இந்த வருஷம் யுனிவர்சிட்டி இன்டர்காலேஜ்ல கப் ஜெயிச்சிட்டாளுவ மக்கா. மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டின்னா லேசுப்பட்டது இல்ல, இப்போ உள்ள கணக்குக்கு திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரின்னு நாலு மாவட்டத்துக் காலேஜும் அதுல வரும், நாகர்கோவில் பக்கத்து டீமெல்லாம் எந்த வருஷமும் கெட்டியாத்தான் இருக்கும், அத்தனையும் தாண்டி வந்திருக்காளுவ.

நானும் அதே கோர்ட்டுல ஆடுனவதான். 2009ல செமி வரைக்கும் போனோம். அன்னைக்கு எங்களப் பாக்க வந்தது ரெண்டே ரெண்டு பேரு, பி.டி. மிஸ்ஸும் வாட்ச்மேன் தாத்தாவும். தோத்துட்டு பஸ்ல ஏறி வந்தோம், வீட்டுல எங்கம்மைகிட்ட தோத்துட்டோம்னு சொன்னா "அப்படியா, கை கழுவிட்டு சாப்பிட வா"ன்னாவ. அவ்வளவுதான் பேச்சு. அம்மை மேல தப்பு சொல்லல, அவியளுக்கு அது என்ன ஆட்டம்னே தெரியாதுல்லா, யாரு போய் சொன்னோம். ஆனா ஒரு ஆட்டத்துல நாம உயிரக் குடுத்து ஓடும்போது அத ஒருத்தரும் பாக்கலன்னா அது நடந்த மாதிரியே இருக்காது, அந்த வலி எனக்கு ரொம்ப வருஷம் கிடந்துச்சு. அதனாலதான் இந்த வருஷத்தப் பத்தி எழுதணும்னு இவ்வளவு துடிக்கேன்.

இந்த வருஷம் ஜெர்சிக்கு நம்பர் தைச்சது நான்தான். வெள்ள சாட்டின் துணில வெட்டி, ஓரம் பிரியாம இருக்க ஜிக்ஜாக் போட்டு, பன்னெண்டு பிள்ளையளுக்கு முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு, மொத்தம் இருவத்தி நாலு. குடுக்கப் போன அன்னைக்கு சாயந்தரம் சும்மா அஞ்சு நிமிஷம் நின்னு பாப்போம்னு நின்னவ இருட்டுத வரைக்கும் நின்னேன். அதே சிமெண்ட் கோர்ட், அதே வேப்பமரம், ஒரு பக்கத்து ரிங்ல நெட்டே இல்ல. ஆனா அந்த ஏழாம் நம்பர் பிள்ள இருக்காளே, குட்டையாத்தான் இருப்பா, பந்த தரையில தட்டிக்கிட்டு ஓடுதப்போ பந்தப் பாக்கவே மாட்டா, கண்ணு பூரா முன்னால நிக்கவங்க இடுப்பு மேலதான். எதிராளி எந்தப் பக்கம் போவான்னு இடுப்புதான் காட்டிக் குடுக்கும், இத எங்க மிஸ் எங்களுக்கு மூணு வருஷம் சொல்லியும் எனக்கு வரல, இவளுக்கு தானா வருது.

மறுநாளும் போனேன். அடுத்த நாள் காலேஜ் கேட்டுல கொய்யா விக்கிற ஆச்சியும் என்கூட உள்ள வந்துட்டாவ, "ஏட்டி தினம் என்னத்தட்டி பாக்க, நானும் பாக்கேன்"னு சொல்லி. பெறவு ஆட்டோ ஸ்டாண்டு அண்ணாச்சி ரெண்டு பேரு, ஜெராக்ஸ் கடைத் தம்பி, பழைய மாணவிய நாலஞ்சு பேரு, அதுல ஒருத்தி கைக்குழந்தையோட வருவா. முதல் மேட்ச் பாளைலயே நடந்துச்சு, அதுக்கு ஒரு நாப்பது பேரு வந்திருப்போம். பிள்ளைய வார்ம்-அப் பண்ணிக்கிட்டே திரும்பித் திரும்பி எங்களப் பாத்தாளுவ, இவிய யாரப் பாக்க வந்திருக்காவன்னு. உங்களத்தாம்ளா பாக்க வந்திருக்கோம்னு கத்தணும் போல இருந்துச்சு, தொண்ட அடைச்சிக்கிட்டு சத்தம் வரல.

ஆச்சிக்கு ஆட்டம் புரிஞ்ச விதத்த நான் சொல்லியே ஆகணும். முதல்ல நான் மேலோட்டமா சொன்னேன், பத்து பத்து நிமிஷமா நாலு குவார்ட்டர் ஆச்சி, ரிங் தரையில இருந்து பத்தடி ஒசரம், அந்த வளைவுக் கோட்டுக்கு வெளிய நின்னு போட்டா மூணு பாயிண்ட், உள்ளன்னா ரெண்டு, எதிராளி இடிச்சு ஃபவுல் ஆனா யாரும் மறிக்காம எறிய விடுத ஃப்ரீ த்ரோன்னா ஒண்ணு. அவியளுக்கு அதெல்லாம் பெரிசாப் படல. ஒரு ஆளு அஞ்சு ஃபவுல் பண்ணிட்டா அன்னைக்கு ஆட்டத்துல மறுபடி இறங்கவே முடியாதுன்னு சொன்னேன் பாருங்க, அந்தானைக்கு நிமிந்து உக்காந்துட்டாவ. மறுநாள் முந்தியில புளியமுத்து முடிஞ்சு கொண்டாந்துட்டாவ. ஏழாம் நம்பர் பிள்ள ஒரு ஃபவுல் பண்ணா ஒரு முத்த எடுத்து படிக்கட்டுல வைப்பாவ. நாலு ஆயிட்டுன்னா பக்கத்துல யாரும் பேசக் கூடாது. டேபிள்ல உக்காந்து ஸ்கோர் எழுதுதவங்க கணக்கும் ஆச்சி முத்துக் கணக்கும் ஒரு மேட்ச்ல கூட மாறுனதில்ல, நான் ஒவ்வொரு தடவையும் போய்ப் பாத்தேன்.

ஃபைனல் ஆரல்வாய்மொழி தாண்டி ஒரு காலேஜ்ல போட்டுட்டாவ. தலைக்கு இவ்வளவுன்னு போட்டு வேன் பிடிச்சோம், காலைல ஆறு மணிக்கெல்லாம் வண்டி எடுத்தாச்சு, நாங்குநேரி வள்ளியூர் காவல்கிணறுன்னு போகப் போக ஆவணிக் காத்து வேனையே தள்ளுது, ரெண்டு பக்கமும் கரண்டு எடுக்குத காத்தாடி சுத்துத வேகத்தப் பாத்ததும் எனக்கு வயித்தக் கலக்கிட்டு. திறந்தவெளி கோர்ட்டுல இந்தக் காத்துக்கு தூரத்துல இருந்து பந்த எறிஞ்சா அது எங்கயோ போவும். பொம்பளப் பிள்ளைய ஆடுதது ஆறாம் நம்பர் பந்து, ஆம்பிளைய ஆடுத ஏழாம் நம்பர விட சின்னது, எடையும் கொறைவு. எங்க டீமோட பலமே அந்த மூணு பாயிண்ட் ஷாட்டு, ஆறே முக்கால் மீட்டர்ல நின்னு போடுதது. மிஸ் போய் இறங்குனதுமே ஒரு தாள எடுத்து காத்துல விட்டுப் பாத்தாவ, பாத்துட்டு "இன்னைக்கு வெளிய இருந்து ஒருத்தியும் எறியக் கூடாது, உள்ள ஓடு, லே-அப் போடு, ஃபவுல் வாங்கு"ன்னு மட்டும் சொன்னாவ. லே-அப்னா ரிங் கிட்ட ஓடிப் போய் பந்தப் போடுதது. அந்த ஒரு தாளுதான் பாதி மேட்ச்னு நான் நினைக்கேன்.

எங்க வேன்ல ஏழாம் நம்பர் பிள்ளையோட அம்மையும் வந்திருந்தாவ. பீடி சுத்துதவங்க. மக ஆடி அவிய பாத்ததே இல்ல, வெயில்ல கறுத்துப் போவா, நாளைக்கு கல்யாணம் காட்சின்னு வந்தா யாரு கேப்பான்னு சொந்தக்காரங்க பேச்சுக்குப் பயந்து ரெண்டு வருஷம் நிறுத்தி வச்சிருந்தாவளாம். இது ஆம்பிளைய ஆட்டம்லான்னு யாரோ சொல்லிருக்காவ. இந்தப் பேச்சு எனக்கும் பழக்கம், கேட்டா இன்னும் எனக்குப் பொறுக்காது. 1891 டிசம்பர்ல அமெரிக்காவுல ஜேம்ஸ் நெய்ஸ்மித்துங்கிற வாத்தியாரு பீச் பழக்கூடைய பால்கனில அடிச்சு இந்த ஆட்டத்தக் கண்டுபிடிச்சாரு, அடுத்த வருஷமே 1892ல ஸ்மித் காலேஜ்ல பொம்பளப் பிள்ளைய ஆட ஆரம்பிச்சிட்டாளுவ. பிறந்து சில மாசத்துல இருந்தே இது எங்க ஆட்டமும்தான். நம்ம சென்னைக்கார அனிதா பால்துரை இந்தியாவுக்கே கேப்டனா இருந்தவங்க, 2021ல பத்மஸ்ரீ குடுத்தாவ. 2017ல பெங்களூர்ல ஆசியக் கோப்பை பி டிவிஷன் ஃபைனல்ல நம்ம பொண்ணுங்க கசகஸ்தான 75-73னு ஜெயிச்சாங்களே, ரெண்டே பாயிண்ட், அன்னைக்கு நான் கடைல தனியா உக்காந்து அழுதேன். இதெல்லாம் வேன்ல அந்த அம்மாகிட்ட சொல்லிக்கிட்டே போனேன், அவிய ஒண்ணும் பேசல, காத்துக்கு முந்தானைய இழுத்துப் பிடிச்சிக்கிட்டு கேட்டுக்கிட்டே வந்தாவ.

மூணாவது குவார்ட்டர் முடியப் போகும்போது சாரல் விழுந்துட்டு. அஞ்சு நிமிஷ சாரல்தான், ஆனா சிமெண்ட் தரை வழுக்குது, ஒரு பிள்ள சறுக்கி முட்டிய சிராய்ச்சிட்டா, ரெஃப்ரி ஆட்டத்த நிறுத்திட்டாரு. காஞ்சாத்தான் ஆட்டம், இல்லன்னா நாளைக்குன்னு பேச்சு வருது. நாளைக்குன்னா எங்கள்ல பாதிப் பேரால வர முடியாது. ஆட்டோ அண்ணாச்சி ஒண்ணும் பேசல, தோள்ல கிடந்த துண்ட எடுத்தாரு, குனிஞ்சு ரிங்குக்குக் கீழ தண்ணிய ஒத்தி எடுக்க ஆரம்பிச்சாரு. பெறவு ஜெராக்ஸ் தம்பி வேன்ல கிடந்த சாக்க இழுத்துட்டு வாரான், நான் பைல இருந்த வெட்டுத்துணியெல்லாம் கொட்டிட்டேன். பாத்தா அந்தப் பக்கத்து டீமுக்கு வந்தவங்களும் இறங்கிட்டாவ, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு தாத்தா, துப்பட்டாவ இடுப்புல சொருகிக்கிட்டு காலேஜ் பிள்ளைய, ரெண்டு ஊரு ஆளும் தோளு இடிக்க குனிஞ்சு தொடைக்கோம். பிழிஞ்சு பிழிஞ்சு ஊத்துன தண்ணி ஓரத்துல வாய்க்கா மாதிரி ஓடுச்சு. அரைமணி நேரத்துல தரை காஞ்சிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் ரெண்டு பக்கமா பிரிஞ்சு உக்காந்து தொண்ட கிழிய கத்துனோம்.

கடைசிக் குவார்ட்டர்ல முப்பது செகண்ட் இருக்கும்போது நாங்க ஒரே ஒரு பாயிண்ட் முன்னால. பந்து அவங்க கைல. படிக்கட்டுல நாலு புளியமுத்து. அஞ்சாவத ஆச்சி கைக்குள்ள வச்சு இறுக்கிப் பிடிச்சிருக்காவ. அந்தக் குவார்ட்டர்ல எங்க டீம் மொத்தமும் சேந்து பண்ண ஃபவுலும் நாலு ஆயிட்டு, இனி யாரு தொட்டாலும் அவங்களுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ, அது ஏழாம் நம்பரா இருந்தா அவளும் வெளிய. அவளத்தான் மிஸ் அவங்க பெஸ்ட் பிளேயர் முன்னால நிறுத்திருக்காவ. பந்த வச்சிருக்கவங்க 24 செகண்டுக்குள்ள ஷாட் போடணும்லா, அங்க போர்டுல கடிகாரமெல்லாம் கிடையாது, டேபிள்ல ஒரு சாரு ஸ்டாப்வாட்ச் வச்சிருக்காரு, அதான்.

யாரு ஆரம்பிச்சாவன்னு தெரியல, எங்க பக்கம் மொத்தமும் எண்ண ஆரம்பிச்சிட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழாம் நம்பர் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிட்டா, கை தூக்கி நின்னா கையால தொட்டான்னு யாரும் சொல்ல முடியாது, காலு மட்டும் போகுது, பக்கவாட்டுல சரட்டு சரட்டுனு, அந்தப் பிள்ள இடது போனா இவ முன்னாடியே அங்க இருக்கா, வலது வந்தா அங்க இருக்கா. நெத்தி வேர்வை கண்ணுல இறங்குது, தொடைக்கல. பதினாறு, பதினேழு. அவங்க பந்த அந்தப் பக்கம் குடுத்து திரும்ப வாங்குதாவ, வழி இல்ல. ஆச்சி "தொடாதட்டி, தொடாதட்டி"ன்னு மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டே இருக்காவ. இருவத்தி ரெண்டு, இருவத்தி மூணு, விசில். ஷாட்டே போடல. பந்து எங்களுக்கு. மீதி ஆறு செகண்ட் எப்படிப் போச்சுன்னு சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல, நான் யாரோ ஒரு ஆள கட்டிப்பிடிச்சிக்கிட்டு நிக்கேன், பாத்தா அந்தப் பக்கத்து தாத்தா. "நல்லா ஆடுனாவ உங்க பிள்ளைய"ன்னாரு. உங்க பிள்ளையளும்தான் தாத்தான்னேன், மனசாரச் சொன்னேன்.

அந்த அம்மா எந்திரிக்கவே இல்ல. மக ஓடி வந்து காலடில உக்காந்தா, அவிய முந்தானையால அவ முகத்தத் தொடைச்சிவிட்டுட்டு கேட்டாவ, "எத்தன வரைக்கும் எண்ணுனாவ?" 24 அம்மான்னா. "ஒரு கட்டுக்கு ஒண்ணு கொறைச்சல்"னாவ. பீடிக்கட்டு இருவத்தஞ்சு. அவ்வளவுதான் பேசுனாவ, ஆனா அந்தப் பிள்ள அழுத அழுகைய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. திரும்பி வரும்போது வேன்ல அம்மை மடில தலை வச்சுத் தூங்கிட்டா, ஜெர்சில அந்த ஏழு ஓரத்துல லேசா பிரிஞ்சிருந்துச்சு. நேத்து ராத்திரியே வாங்கி ரெண்டாவது தடவையா தைச்சுக் குடுத்துட்டேன், இப்போ எந்த இழுவைக்கும் போவாது.

இன்டர்காலேஜ்ல நல்லா ஆடுனவங்கள எடுத்துத்தான் யுனிவர்சிட்டி டீம் போடுவாவ, அதுல எங்க பிள்ளைய மூணு பேரு இருக்காளுவ, சவுத் ஸோன் இன்டர்யுனிவர்சிட்டிக்குப் போகணும், அதுக்கு முன்னால கேம்ப். மூணு பேருக்கும் நல்ல ஷூ வேணும், சிமெண்ட்ல ஆடி ஆடி அடிப்பாகம் தேஞ்சு போச்சு. பழைய மாணவிய குரூப்ல பணம் சேக்கோம், ரெண்டு ஜோடிக்கு சேந்தாச்சு. அண்ணாச்சிமாரு ஸ்டாண்டுல ஒரு உண்டியலே வச்சிட்டாவ. கேட்டுல ஆச்சி நேத்து கொய்யாவுக்குக் காசே வாங்கல, வந்த பிள்ளைய எல்லாருக்கும் சும்மா குடுத்தாவ. அந்த அஞ்சாவது புளியமுத்து இன்னும் அவிய முந்தியிலதான் முடிஞ்சு கிடக்கு, பாத்தேன்.

ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்கு பிராக்டிஸ் மேட்ச் இருக்கு, பாளைல இருக்கவங்க வாங்க. வேப்பமரத்துப் பக்கம் உக்காந்தா வெயில் அடிக்காது, படிக்கட்டுல இடது ஓரம் மட்டும் ஆச்சிக்கு விட்டுருங்க.