தனியார் கல்லூரியிலிருந்து டிசியையும் பணத்தையும் மீட்ட அனுபவம்

மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் போட்டாயிற்று, அப்புறம் கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரி கிடைத்துவிட்டது, முதல் கல்லூரி சான்றிதழைத் தரமாட்டேன் என்கிறது, என்ன செய்வது? ஆகஸ்ட் வந்தால் தெரிந்தவர்கள் யாராவது இதைக் கேட்டு எனக்கு ஃபோன் செய்கிறார்கள். 2023-ல் என் தம்பிக்காக இதே விஷயத்துக்கு அலைந்தவள் நான். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதிலாக எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே அப்பாவுக்குப் பயம். கட்-ஆஃப் நடுத்தரம், கவுன்சலிங்கை நம்பி உட்கார்ந்திருந்தால் எதுவும் கிடைக்காமல் போய்விடுமோ என்று ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டார். அங்கே பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், பள்ளி டிசி எல்லாமே ஒரிஜினலாக வாங்கிக்கொண்டார்கள். ட்யூஷன் ஃபீஸ் 85,000 ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் ரசீது. புத்தகம், யூனிஃபார்ம், பஸ், "இதர" என்று வாங்கிய தொகைக்கு வெள்ளைத்தாளில் ரப்பர் ஸ்டாம்ப். அந்த 85,000-க்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சுயநிதிக் கல்லூரிகளுக்கான கட்டணக் குழு 2017-ல் மேனேஜ்மென்ட் இடங்களுக்கு நிர்ணயித்த உச்சவரம்பு 85,000, தர அங்கீகாரம் பெற்ற படிப்பென்றால் 87,000. வரம்புக்குள் இருப்பதற்கு மட்டும் முறையான ரசீது, அதைத் தாண்டியதற்கு வெள்ளைத்தாள். கல்லூரிக்காரர்களுக்குச் சட்டம் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகஸ்டில் இரண்டாவது சுற்றில் தம்பிக்கு அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தது. ஒதுக்கீட்டை உறுதி செய்தால் சில நாட்களுக்குள் கல்லூரியில் ஆஜராக வேண்டும். அங்கே டிசி கேட்பார்கள்.

அப்பாவும் நானும் கல்லூரியின் நிர்வாக அலுவலரை, அதாவது ஏஓவை, போய்ப் பார்த்தோம். கரஸ்பாண்டென்ட் எப்போது கேட்டாலும் வெளியூரில்தான் இருந்தார். ஏஓ நல்ல மனிதர் போலத்தான் பேசினார்.

"ஏம்மா, சீட்டைப் பிடிச்சு வச்சுட்டு இப்ப விட்டுட்டுப் போனா, அது நாலு வருஷம் காலியாத்தானே கெடக்கும்? அந்த நஷ்டத்தை யாரு கட்டுறது? மிச்ச மூணு வருஷ ஃபீஸையும் கட்டிருங்க, இப்பவே டிசியைக் கையில கொடுத்துடறேன்."

அப்பா, "சார், பையன் எதிர்காலம் சார், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க சார்" என்றார். நான் விதி பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரை எடுத்துக் காட்டினார். சேரும்போது தம்பியும் அப்பாவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. பாதியில் விலகினால் முழுப் படிப்புக்கான கட்டணத்தையும் செலுத்துவோம் என்று அதில் இருந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: "கிளாஸ் ஆரம்பிச்சாச்சேம்மா. ஜூலையிலிருந்து வந்துட்டு இருக்கானே."

இந்த இரண்டாவது வாதத்தில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) கைநூலில் கட்டண விதி இப்படிப் போகிறது: படிப்பு தொடங்கும் முன் மாணவர் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். தொடங்கிய பிறகு விலகி, அந்த இடம் கடைசித் தேதிக்குள் வேறொருவரால் நிரம்பினால் படித்த மாதங்களுக்கான தொகையையும் கழித்துக்கொள்ளலாம். இடம் நிரம்பவில்லை என்றால் வைப்புத்தொகையும் சான்றிதழ்களும் மட்டும். ஆக, படிப்பு எப்போது தொடங்கியது என்பதில்தான் 84,000 ரூபாய் தொங்குகிறது. ஆனால் மூன்று நிலையிலும் மாறாதவை இரண்டு. ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது. வரும் வருடங்களுக்கான கட்டணத்தைக் கேட்கக் கூடாது.

ஜூலையிலிருந்து தம்பி போய்வந்தது "பிரிட்ஜ் கோர்ஸ்". பிளஸ் டூ கணக்கையும் கொஞ்சம் இங்கிலீஷையும் திரும்ப நடத்துவார்கள். கவுன்சலிங்கே முடியாதபோது முதல் செமஸ்டர் எப்படித் தொடங்கும்? அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளுக்கு வருடா வருடம் கல்வி அட்டவணை வெளியிடுகிறது. முதலாண்டு வகுப்பு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று அதில் இருக்கும். அந்தத் தேதி இன்னும் வரவே இல்லை. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். வேறு எந்தத் தாளையும்விட இந்த ஒன்றுதான் எனக்கு அதிகம் உதவியது.

யாரிடம் போவது என்பது அடுத்த குழப்பம். பொறியியல் கல்லூரிக்கு அனுமதி கொடுப்பது ஏஐசிடிஇ. இணைப்புக் கொடுப்பது பல்கலைக்கழகம். மேனேஜ்மென்ட் சேர்க்கைப் பட்டியல் போவது கிண்டியில் இருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு. கட்டணம் நிர்ணயிப்பது தனிக் குழு. எல்லா இடத்துக்கும் ஃபோன் போட்டேன். பதில் ஒன்றுதான்: எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால் அது நியாயம்தான் என்று பட்டது. நாங்கள் அதுவரை கல்லூரியில் கேட்டதெல்லாம் வாயால். எங்கள் பையன் விலக விரும்புகிறான் என்பதற்கே எழுத்தில் ஆதாரம் கிடையாது. நாளைக்கு அவர்கள், "கேட்கவே இல்லையே, கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே" என்று சொன்னால் என்ன செய்வது?

அன்றிரவே தம்பி பெயரில் முதல்வருக்குக் கடிதம் எழுதினோம். பெரிய கடிதம் இல்லை. சேர்ந்த தேதி, கட்டிய தொகை, ரசீது எண், விலகும் முடிவு, ஒப்படைத்த சான்றிதழ்களின் பட்டியல் வரிசை எண்களோடு. பிறகு இரண்டு பத்தி. ஒன்றில் ஏஐசிடிஇ விதியும் பல்கலைக்கழகத் தேதியும். இன்னொன்றில், கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, ஒப்பந்தச் சட்டம் 171-வது பிரிவைக் காட்டி பாக்கிக்காக அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பது. ஸ்டாம்ப் பேப்பரைப் பற்றி எங்கள் தெருவில் இருக்கும் வக்கீல் அண்ணனிடம் கேட்டபோது, "விதியே கேட்கக் கூடாதுன்னு சொல்ற காசை எழுதி வாங்கிட்டா மட்டும் கேட்டுட முடியுமா? அதைப் பத்தி லெட்டர்ல எழுதாதே, அவங்களே எடுக்கட்டும்" என்றார். அவர்கள் கடைசிவரை எடுக்கவில்லை.

கடிதத்தின் கீழே "நகல்" என்று போட்டு இயக்ககம், பல்கலைக்கழகப் பதிவாளர், சென்னையில் உள்ள ஏஐசிடிஇ மண்டல அலுவலகம் மூன்றையும் எழுதி, உண்மையிலேயே மூன்றுக்கும் அனுப்பினோம். சும்மா பெயரை மட்டும் போடுபவர்கள் இருக்கிறார்கள், கல்லூரிக்கு அது தெரியும். கல்லூரிக் கடிதத்தை நேரில் கொடுக்கப் போனபோது டெஸ்பாட்ச் பெண் வாங்க மறுத்தார், "ஏஓ சார் சொன்னாத்தான் சீல் போடுவேன்க்கா" என்று. வாக்குவாதம் செய்யாமல் பக்கத்துத் தபால் நிலையத்தில் ஒப்புகை அட்டையோடு அனுப்பிவிட்டு வந்தோம். அந்த அட்டை அதே பெண்ணின் கையெழுத்தோடு திரும்பி வந்தது.

இதற்கிடையில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுவும் கொடுத்தோம். அது மேஜை மேஜையாகப் போய், கடைசியில் "தக்க நடவடிக்கைக்காக" அந்தக் கல்லூரிக்கே போய்ச் சேர்ந்தது என்று பின்னால் தெரிந்தது. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

அரசுக் கல்லூரியில் நிலைமையைச் சொன்னோம். சான்றிதழ் கேட்டு அனுப்பிய கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் பார்த்துவிட்டு, குறிப்பிட்ட காலத்துக்குள் ஒப்படைப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொண்டார்கள். எல்லாக் கல்லூரியிலும் இப்படிச் செய்வார்களா என்று சொல்ல முடியாது, ஆனால் கையில் தாள் இல்லாமல் போயிருந்தால் எங்களுக்கும் நடந்திருக்காது. சாதிச் சான்றிதழ் பிரச்சினையே ஆகவில்லை. அது இ-சேவையில் எடுத்தது, எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு நாள் ஏஓவே அப்பாவுக்கு ஃபோன் செய்தார். "இதுக்கு ஏங்க மேல எல்லாம் எழுதுறீங்க, நேர்ல வந்திருந்தா பேசித் தீர்த்திருக்கலாமே" என்று. நேரில் போனதை அப்பா நினைவுபடுத்தவில்லை. விதியை மீறினால் வாங்கிய கட்டணத்தின் மடங்குக் கணக்கில் அபராதம், அனுமதித்த இடங்களைக் குறைப்பது என்றெல்லாம் ஏஐசிடிஇ கைநூலில் இருக்கிறது. அனுமதி நீட்டிப்பு அவ்வப்போது வரும் விஷயம். அந்த நேரத்தில் ஒரு புகார் கோப்பில் கிடப்பதை எந்த கரஸ்பாண்டென்ட்டும் விரும்பமாட்டார் என்பது என் கணிப்பு.

இது பொறியியல், பாலிடெக்னிக் மாதிரி ஏஐசிடிஇ-க்குக் கீழ் வரும் கல்லூரிகளுக்கு. கலை அறிவியல் கல்லூரி என்றால் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-ல் வெளியிட்ட அறிவிக்கையைப் பாருங்கள். அதில் சேர்க்கையின் கடைசித் தேதியிலிருந்து நாள் கணக்கு வைத்து 100, 90, 80, 50 சதவீதம் என்று திருப்பித் தர வேண்டும். அதன்பின் ஒன்றும் கிடையாது. ஒரிஜினலைச் சரிபார்த்த கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அதிலும் இருக்கிறது. கல்லூரிக்குள்ளேயே மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும், அங்கே நடக்காவிட்டால் பல்கலைக்கழக அளவில் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இது 2023 விதிமுறை. தனியார் ஐடிஐ என்றால் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை.

சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பார்த்து எண்ணைச் சரிபார்த்தோம். பள்ளி டிசியின் பின்பக்கம் பென்சிலில் சேர்க்கை எண் எழுதியிருந்தார்கள், அதை அவர்களையே அழித்துத் தரச் சொன்னேன். சேர்க்கைப் பட்டியலிலிருந்து தம்பியின் பெயரை நீக்கியதாக ஒரு கடிதமும் கேட்டு வாங்கினோம். ஒரே மாணவர் பெயர் இரண்டு கல்லூரிப் பட்டியலில் இருந்தால் பின்னால் தலைவலி.

84,000-க்குக் காசோலை கொடுத்துவிட்டு, "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை இல்லை" என்று அச்சடித்த தாளை நீட்டினார்கள். அப்பா பேனாவை எடுத்துவிட்டார். நான் அந்த வரியை அடித்துவிட்டு, "ட்யூஷன் கட்டணத்தில் ரூ. 84,000 மட்டும் பெற்றுக்கொண்டேன்" என்று கையால் எழுதினேன். ஏஓ ஒரு நிமிடம் பார்த்தார், பிறகு சரி என்று விட்டுவிட்டார். பஸ் கட்டணம் அடுத்த மாதம் தனியாக வந்தது. வெள்ளைத்தாளில் இருந்த "இதர" இன்னும் வரவில்லை. அதற்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.