சித்தப்பாவோட குட்டையும் கொஞ்சம் உமரியும்

ஊருக்குப் போனப்ப சித்தப்பாவோட பழைய இறால் குட்டையப் பாத்துட்டு வரலாம்னு போனோம், வேதாரண்யம் பக்கம் உப்பளத்தையெல்லாம் தாண்டி. தொழில விட்டு பத்து வருசமாச்சு, கரை மட்டும் கல்லு மாதிரி நிக்குது. கரைக்கு அந்தப் பக்கம், கடல் பக்கமா, உமரி (கடலோர உப்புச் சதுப்புல மொளைக்கிற பூண்டு) செவசெவன்னு பாய் விரிச்ச மாதிரி கெடக்கு. ஒரு இலையக் கிள்ளி வாயில போட்டேன், பல்லு பட்டதும் பொளக்குனு உப்புத் தண்ணி. அப்பாயி இதை வேகவச்சு தண்ணிய வடிச்சுக் கொட்டிட்டுத்தான் சமைக்கும், உப்பே போடாது.

"நான் கரை போட்டப்ப இது அந்த ஓடைகிட்டதான்டா இருந்துச்சு, நவுந்து நவுந்து இங்க வந்துருச்சு"ன்னார் சித்தப்பா.

கடல் மட்டம் ஏறுனா இந்த உமரிச் சதுப்பு சும்மா முழுகிடும்னுதான் நானும் முன்னாடி நெனச்சிருந்தேன். அப்படி இல்ல. ஒவ்வொரு தடவ ஓதம் ஏறும்போதும் தண்ணி கலங்கலா உள்ள வருது, செடித் தண்டுல பட்டு வேகம் கொறையுது, சேறு படியுது, கீழ வேரும் சேந்து மண்ணத் தூக்குது, தண்ணி கூட நேரம் நிக்கிற பள்ளத்துல சேறும் கூடப் படியும், அதனால ஓரளவு வரைக்கும் கடலோட சேந்து தரையும் எழும்பிக்கிட்டே இருக்கும். ஆனா 1993 வாக்குல வருசத்துக்கு 2 மில்லிமீட்டர் ஏறுன கடல் இப்ப 4 மில்லிக்கு மேல ஏறுது. ஈடுகுடுக்க சேறு வேணுமே? 1934லேர்ந்து காவிரி வண்டல்ல பெரும்பங்கு மேட்டூர்லயே தங்கிடுது. (அந்தத் தண்ணியில வெளஞ்ச சோத்தத் தின்னு வளந்தவன் நான், அணையத் திட்ட வாய் வரல.)

செடி போனா தரையும் போகும்ங்கிறதுக்கு முத்துப்பேட்டையே போதும். ஒரு காலத்துல அலையாத்திய மொத்தமா வெட்டுனாங்க, வெயில் பட்டு மண்ணு காஞ்சு தாழ்ந்து பள்ளமாயிருச்சு, உள்ள வந்த தண்ணி வெளிய போக வழியில்லாம அங்கயே வத்தி உப்பு ஏறி எதுவும் மொளைக்கல. அப்பறம் மீன்முள்ளு மாதிரி வாய்க்கா வெட்டி கடத்தண்ணி போய்வர வழி பண்ணதும்தான் காடு திரும்புச்சு.

எழும்ப முடியலன்னா சதுப்பு பின்னால நவுறும். முன்னாலேர்ந்து அலையாத்தி வேற நெருக்கும், ஆஸ்திரேலியாவோட தென்கிழக்குக் கரையில அப்படித்தான் சதுப்பு சுருங்குது. பின்னால பாத்தா உப்பளம், ரோடு, சித்தப்பா கரை. எங்கதான் போகும்?

இங்கிலாந்துல எசெக்ஸ் பக்கம் வாலசீ தீவுல 2015ல சதுப்பு திரும்பட்டும்னு கடல் சுவர அவங்களே ஒடச்சு தண்ணிய உள்ள விட்டாங்க, அதுக்கு முன்னாடி லண்டன்ல ரயில் சுரங்கம் தோண்டுன மண்ணு 30 லட்சம் டன் கொண்டாந்து கொட்டி தரைய உசத்திக்கிட்டாங்கன்னு சொன்னேன். சித்தப்பா கரை மேல குந்திக்கிட்டு பொறுமையாக் கேட்டார்.

"கரைய வெட்டிவிட்டா நம்ம குட்டையில உமரி வந்துரும், சரி. பக்கத்து வயக்காரன் போருல உப்பு ஏறுச்சுன்னா? அவன் எனக்கு மச்சான் மொறைடா, பேச்சுவார்த்தையே இல்லாமப் போயிரும்."

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. போற வழியில அத்தைக்கு ஒரு பை உமரி மட்டும் பறிச்சுக்கிட்டோம்.